காலத்தின் கணக்கு



1981-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 31-ஆம் நாள் இரவு 11.30 மணிக்கு, தீபகற்ப மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டன. சபா, சரவாக் மாநிலங்களின் நேரமும் தீபகற்பத்தின் நேரமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதற்காக மலேசியா அந்த மாற்றத்தைச் செய்தது. சிங்கப்பூரும் உடன் சேர்ந்துகொண்டது. 11.30 மணி என்று காட்டிய முள் ஒரே தள்ளில் 12-ஐ அடைந்தது; புத்தாண்டு பிறந்துவிட்டது. அதற்கு முன்பும் இந்த மண்ணில் கடிகாரம் பலமுறை மாறியதுண்டு. 1942-இல் ஜப்பானியர் வந்தபோது, தோக்கியோ நேரமே இங்கும் நேரம் என்று அறிவித்து ஒன்றரை மணி நேரத்தை முன்னே தள்ளினார்கள். 1945-இல் அவர்கள் போனதும் அது பின்னே வந்தது.

இத்தனை முறை முள்ளைத் தள்ளியும், ஒரு நாளின் நீளம் ஒரு விநாடியாவது கூடியதா? குறைந்ததா? இல்லை. சூரியன் தன் வேளையில்தான் உதித்தது. தன் வேளையில்தான் மறைந்தது. அரசாங்கத்தால் கடிகாரத்தை மாற்ற முடியும். காலத்தை மாற்ற எந்த அரசாங்கத்தாலும் முடியாது. பணம் படைத்தவருக்கும் 24 மணி நேரம்தான்; அன்றாடம் உழைத்து உண்பவருக்கும் அதே 24 மணி நேரம்தான். அப்படியானால், அந்த நேரத்தை நாம் எவ்வாறு பயன்படுத்துவது? கிறிஸ்தவ நெறி இதைப்பற்றி என்ன கூறுகிறது? இதையே இன்று நாம் சிறிது சிந்தித்துப் பார்ப்போம்.

பரிசுத்த வேதாகமத்தில், பவுல் அப்போஸ்தலன் எபேசு சபையாருக்கு எழுதிய நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், காலத்தைக் குறித்து ஒரு சிறு அறிவுரை வருகிறது. ஞானமுள்ளவர்களாய் நடப்பவர்கள் காலத்தை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே அதன் கருத்து. அங்கே மூலமொழியாகிய கிரேக்கத்தில் அவர் கையாளும் வினைச்சொல், சந்தையோடு தொடர்புடைய சொல். சந்தைக்குப் போய் ஒரு பொருளை விலை கொடுத்து வாங்கி, நமக்கென்று மீட்டுக்கொள்வதைக் குறிப்பது. ஆக, காலத்தைப் பயன்படுத்துவது என்றால், அதற்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும் என்று பொருள். ஒன்றை விட்டால்தான் மற்றொன்று கிடைக்கும். எதையும் விடமாட்டேன், எல்லாம் எனக்கு வேண்டும் என்பவன் சந்தையிலிருந்து வெறுங்கையோடுதான் திரும்புவான்.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். கிரேக்க மொழியில் காலத்தைக் குறிக்க இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று 'க்ரோனோஸ்'. அது கடிகாரமும் நாட்காட்டியும் அளந்து சொல்லும் காலம். மற்றொன்று 'கைரோஸ்'. அது தக்க வேளை, வாய்த்த தருணம். பவுல் இந்த இடத்தில் எழுதியிருப்பது இரண்டாவது சொல்லைத்தான்.

இந்த வேறுபாட்டை நமக்கு விளக்க வெளிநாட்டு உதாரணம் எதுவும் தேவையில்லை. நம்மில் பலருடைய பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள். விடியற்காலை இருட்டிலேயே எழுந்து, பெரட்டுக்கு நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தங்கள் நிரைக்குப் போனார்கள். ஏன் அந்த நேரம்? பொழுது நன்றாகப் புலர்ந்தபின் சாவகாசமாகப் போனால் ஆகாதா? ஆகாது. விடியலுக்கு முன் மரத்தின் பட்டைக்குள் பால் நிறைந்து, அழுத்தம் மிகுந்து நிற்கும். வெட்டிய கோட்டின் வழியே ஒழுகி மங்கில் வந்து சேரும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழக்கின்றன, அழுத்தம் குறைகிறது, பாலும் குறைகிறது. மழை பெய்து மரம் நனைந்துவிட்டாலோ, பால் கோட்டைவிட்டு வழிந்து பட்டையெல்லாம் பரவி வீணாகும். மரம் அதே மரம்தான். கத்தி அதே கத்திதான். வெட்டுகிற கையும் அதே கைதான். வேளை தவறியது, பலனும் தவறியது. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத நம் பாட்டிமார்கூட 'கைரோஸ்' என்பதன் பொருளைத் தங்கள் உடம்பால் அறிந்திருந்தார்கள் எனலாம்.

நம் வள்ளுவப் பெருந்தகையும் 'காலமறிதல்' என்று ஓர் அதிகாரத்தையே வகுத்து வைத்தார். 'நிலையாமை' அதிகாரத்தில், நாள் என்பதை உயிரை அறுக்கும் வாளாகவே காட்டினார். வேதாகமத்தில், மோசேயின் ஜெபம் என்று தலைப்பிடப்பட்டிருக்கும் 90-ஆம் சங்கீதம், மனிதனுடைய ஆயுளை எழுபது ஆண்டு, பெலமிருந்தால் எண்பது ஆண்டு என்று கணக்கிடுகிறது. அப்படிக் கணக்கிட்டுவிட்டு, நாட்களை எண்ணும் அறிவைத் தரும்படி ஆண்டவரிடம் கேட்கிறது. எழுபது ஆண்டை நாளாக்கினால் 25,500-க்குச் சற்று அதிகமாக வரும். கேட்பதற்குப் பெரிய தொகைபோல் இருக்கிறது. ஆனால் இதை வங்கியில் போட்டுவைக்க முடியாது. வட்டி கிடையாது, கடன் கிடையாது. செலவழித்தாலும் செலவழிக்காவிட்டாலும் நாளொன்றுக்கு ஒன்று குறைந்துகொண்டே இருக்கும்.

சரி, இந்த நேரம் யாருடையது? நாம் சாதாரணமாக 'என் நேரம்' என்று சொல்கிறோம். கிறிஸ்தவ நெறி இங்கேதான் சற்று மாறுபடுகிறது. நேரம் நமக்குச் சொந்தமன்று. அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். நாம் அதன் உக்கிராணக்காரர் மட்டுமே என்று அது கூறுகிறது. இயேசுநாதர் சொன்ன தாலந்து உவமையை நேயர்களில் பலர் அறிந்திருப்பீர்கள். எஜமான் ஒருவன் புறதேசத்துக்குப் போகும்போது, தன் ஊழியர் மூவருக்கு ஐந்து தாலந்து, இரண்டு தாலந்து, ஒரு தாலந்து என்று அவரவர் திறமைக்கு ஏற்பக் கொடுத்துவிட்டுப் போகிறான். முதல் இருவரும் வியாபாரம் செய்து இரட்டிப்பாக்குகிறார்கள். மூன்றாமவன் மண்ணைத் தோண்டிப் புதைத்து வைக்கிறான்.

ஒரு தாலந்து என்றால் ஏதோ ஒரு காசு என்று நினைத்துவிடக் கூடாது. அக்காலத்தில் ஒரு தாலந்து வெள்ளி ஏறத்தாழ 6,000 தெனாரியத்துக்குச் சமம். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் ஒரு தாலந்து என்பது 6,000 நாள் உழைப்பு. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், இருபது ஆண்டு உழைப்பு! எனக்குக் குறைவாகத்தான் கொடுத்தார்கள் என்று அந்த மூன்றாம் ஊழியன் எண்ணியிருக்கலாம். ஆனால் அவன் மண்ணில் புதைத்தது ஒரு மனிதனின் இருபது ஆண்டு வாழ்நாளுக்கு ஈடான பொருள். அவன் திருடவில்லை; சூதாடவில்லை; குடித்து அழிக்கவில்லை. ஒன்றுமே செய்யவில்லை. அதுவே அவன்மேல் சுமந்த குற்றம்.

இனி, நம்மிடம் உள்ளதை எண்ணிப் பார்ப்போம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நாளுக்கு 8 மணி நேரம் உறங்கினால் 56 மணி போகிறது. நாளுக்கு 8 மணி நேரமாக ஆறு நாள் வேலை என்றால் 48 மணி. குளிக்க, சமைக்க, உண்ண, பேருந்திலும் ரயிலிலும் போய்வர என்று நாளுக்கு 4 மணி நேரம் ஒதுக்கினால் 28 மணி. ஆக மொத்தம் 132. மீதி எவ்வளவு? 36 மணி நேரம். கூடுதல் நேர வேலை பார்ப்பவர்களுக்கும், வேலைக்கும் போய் வீட்டையும் பார்க்கும் தாய்மார்களுக்கும் இந்த மீதி மிகவும் சுருங்கிப்போகும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு மீதி இருக்கத்தான் செய்கிறது. அந்த மீதிதான் நம் கையில் உள்ள தாலந்து.

சிறு அளவுகளை நாம் அலட்சியம் செய்கிறோம். கால் மணி நேரத்தில் என்ன செய்துவிட முடியும் என்கிறோம். நாளுக்குக் கால் மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 91 மணி நேரம். வேதாகமத்தின் புதிய ஏற்பாட்டில் மொத்தம் 260 அதிகாரங்கள் உள்ளன. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஓர் அதிகாரம் படித்தால், 52 வாரத்தில் முழுவதும் முடிந்துவிடும். சனியும் ஞாயிறும் விடுமுறை! ஓர் அதிகாரம் படிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? பெரும்பாலும் ஐந்து நிமிடம். ஆனாலும் படிக்க நேரமே இல்லை என்று நம்மில் எத்தனை பேர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறோம்!

நேரத்தின் அருமையை உணர்ந்து வாழ்ந்த ஒருவரைப்பற்றி இங்கே கூறுவது பொருந்தும். அவர் நம் தமிழோடு நெருங்கிய தொடர்புடையவர். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க். ஜெர்மனியில் 1682-இல் பிறந்தவர். 1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் வந்து இறங்கினார். இளம் வயது முதலே அவருக்கு உடல்நலம் சரியில்லை. தமிழ் ஒரு எழுத்துக்கூடத் தெரியாது. கற்றுக்கொடுக்க அகராதி இல்லை; இலக்கண நூலும் கையில் இல்லை. அவர் என்ன செய்தார்? தம்முடன் வந்த புளுட்சோ என்பவரோடு, திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுதி அரிச்சுவடி படித்தார். பட்டப்படிப்பு படிக்கச் சென்ற ஓர் ஐரோப்பியப் போதகர் குழந்தைகளோடு மணலில் 'அ' எழுதுவதைப் பார்த்துச் சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

பின்னர் தம் நாளை அவர் ஒழுங்காக வகுத்துக்கொண்டார். காலை எட்டு மணி முதல் பகல் பன்னிரண்டு மணி வரை தமிழ் நூல்களைப் படிப்பதற்கென்றே ஒதுக்கினார். புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் அருகில் இருந்து உதவினார்கள். பிற்பகலிலும் மாலையிலும் மீண்டும் படிப்பு. 1708-ஆம் ஆண்டு அக்டோபரில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கினார். தொடங்கிய சில வாரங்களிலேயே தரங்கம்பாடியின் டேனிஷ் தளபதி அவரைச் சிறையில் அடைத்தார். ஏறத்தாழ நான்கு மாதம் சிறைவாசம். விடுதலையானபின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1711-ஆம் ஆண்டு மார்ச்சில் மொழிபெயர்ப்பை முடித்தார். 1715-இல் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் அது முழுமையாக அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு அதுவே. அதன்பின் பழைய ஏற்பாட்டைத் தொடங்கி ரூத்தின் சரித்திரம் வரை வந்தார். 1719-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 36.

ரூத்தோடு நின்றுபோயிற்றே என்று நாம் வருந்தலாம். ஆனால் பெஞ்சமின் சூல்ட்சே என்பவர் அடுத்து வந்து, மீதியை மொழிபெயர்த்து முடித்தார். இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நேரத்தை நன்றாகப் பயன்படுத்துவது என்றால் எல்லாவற்றையும் நாமே முடித்துவிடுவது என்று பொருளல்ல. நமக்குத் தரப்பட்ட பங்கை ஒழுங்காகச் செய்துவைத்தால், மற்றொருவர் வந்து அங்கிருந்து தொடர முடியும். ஒழுங்கில்லாமல் விட்டுப்போனால், அடுத்தவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, 'ஓயாமல் உழைப்பதுதான் கிறிஸ்தவ நெறிபோலும்' என்று சிலர் எண்ணலாம். அதுதான் இல்லை. சுறுசுறுப்பு வேறு, ஞானம் வேறு. எறும்பும் சுறுசுறுப்பாக இருக்கிறது; சர்க்கரைப் பாகில் விழுந்த எறும்பும் சுறுசுறுப்பாகத்தான் காலை அடித்துக்கொள்கிறது.

மாற்கு எழுதின சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், கப்பர்நகூமில் இயேசுநாதர் கழித்த ஒரு நாளைப்பற்றிப் படிக்கிறோம். காலையில் ஜெபஆலயத்தில் போதிக்கிறார். அங்கிருந்து சீமோன் வீட்டுக்குச் சென்று, காய்ச்சலாய்க் கிடந்த அவனுடைய மாமியைக் குணமாக்குகிறார். பொழுது சாய்ந்தபின் பட்டணத்தார் எல்லாரும் நோயாளிகளைக் கொண்டுவந்து வாசலில் கூடுகிறார்கள். அவ்வளவு வேலைக்குப் பிறகும், மறுநாள் இருட்டோடே எழுந்து தனியிடம் சென்று ஜெபம் செய்கிறார். சீடர்கள் தேடிவந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். நாமாக இருந்தால் உடனே திரும்பி ஓடியிருப்போம். அவரோ அடுத்த ஊர்களுக்குப் போகவேண்டும் என்கிறார். கப்பர்நகூமில் வேலை தீர்ந்துவிட்டது என்பதால் அல்ல. தாம் வந்த நோக்கம் எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதால். நல்ல காரியம் ஒன்றுக்கு 'இல்லை' என்று சொல்வதற்குத் துணிவு வேண்டும். அந்தத் துணிவு, நோக்கம் தெளிவாக உள்ளவருக்கே வரும். இருட்டோடு எழுந்து ஜெபித்த அந்த வேளையில்தான் அந்தத் தெளிவு உறுதிப்பட்டது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

லூக்கா சுவிசேஷத்தின் பத்தாம் அதிகாரம் இன்னும் சுவையானது. அங்கே இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது நல்ல சமாரியன் உவமை. அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போய்விட, சமாரியன் மட்டும் தன் பயணத்தை நிறுத்திக் காயம் கட்டினான். இரண்டாவது, மார்த்தாள் மரியாள் வீட்டில் நடந்தது. மார்த்தாள் பற்பல வேலைகளால் வருத்தமடைந்தாள். மரியாளோ ஆண்டவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். நல்ல பங்கு மரியாளுடையது என்றார் ஆண்டவர். ஒன்று, செயலைப் புகழ்கிறது. மற்றொன்று, சும்மா உட்கார்ந்து கேட்பதைப் புகழ்கிறது. முரண்பாடு அல்லவா? இல்லை. இருவருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. சமாரியனும் நின்றான், மரியாளும் நின்றாள். எதிரே இருந்த மனிதருக்காகத் தங்கள் ஓட்டத்தை நிறுத்தினார்கள். அதுவே அவர்களுடைய 'கைரோஸ்'.

இது நம் இல்லங்களைத் தொடும் விஷயம். பிள்ளைகளின் நல்வாழ்வுக்காகத்தானே உழைக்கிறேன் என்று கூடுதல் நேர வேலையை ஏற்றுக்கொள்கிறார் ஒரு தகப்பனார். உண்மைதான், குடும்பத்துக்குப் பணம் தேவை. அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர் வீடு திரும்பும்போது பிள்ளை உறங்கிவிட்டது. அவர் விழிக்கும்போது பிள்ளை பள்ளிக்குப் போய்விட்டது. இப்படியே பத்து ஆண்டுகள் போனால், அந்தப் பிள்ளைக்கு வேண்டிய பணம் சேர்ந்திருக்கும். அதனிடம் பேசவேண்டிய வயது கடந்திருக்கும். சபைக் காரியங்களிலும் இதே ஆபத்து உண்டு. செவ்வாய் கமிட்டி, புதன் ஜெபக்கூட்டம், வியாழன் பாடகர் பயிற்சி, சனி வாலிபர் சங்கம் என்று வாரமெல்லாம் ஆண்டவர் பணியில் ஓடுகிறோம். வீட்டின் பின்னறையில், வயதான தாயார் ஒரு கால் மணி நேரப் பேச்சுக்காகக் காத்திருக்கிறார். அந்த அம்மாவுக்குக் கொடுக்கவேண்டிய கால் மணியை எந்தக் கமிட்டியாலும் ஈடுசெய்ய முடியாது. அடுத்த ஆண்டு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைப்பது, வெயில் ஏறியபின் மரத்துக்குப் போவதைப் போன்றது.

அடுத்து, ஓய்வைப்பற்றியும் நாம் சிந்திக்க வேண்டும். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாள் கட்டளை ஒன்று. அது வேதாகமத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமத்தில், தேவன் ஆறு நாளில் உலகைப் படைத்து ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது காரணமாகக் கூறப்படுகிறது. உபாகமத்திலோ வேறொரு காரணம் தரப்படுகிறது: நீங்களும் எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள் என்பதே அது. அதனால்தான் உன் வேலைக்காரனும், வேலைக்காரியும், மாடும், கழுதையும்கூட ஓய்ந்திருக்க வேண்டும் என்று அங்கே கட்டளையிடப்படுகிறது. ஓய்வு சோம்பேறியின் சலுகை அன்று. அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டவனின் உரிமை. பிறர் ஓட்டிய மணியோசைக்கு எழுந்து, பிறர் ஓட்டிய மணியோசைக்கு அடங்கிய தோட்டத்துப் பாட்டாளிகளின் வழிவந்த நமக்கு, இதன் பொருள் நன்றாகவே விளங்கும்.

ஆகவே நம் நேரத்தை மட்டுமன்றி, பிறருடைய நேரத்தையும் நாம் மதிக்க வேண்டும். நம் வீட்டில் வேலை செய்யும் பணிப்பெண்ணுக்கு வாரத்தில் ஒரு நாள் முழு ஓய்வு உண்டா? நம் கடையில் வேலை செய்யும் தம்பிக்கு மாலையில் வீடு திரும்ப ஒரு வேளை உண்டா? மாலை ஏழு மணிக்கு விழா என்று அழைப்பிதழில் அச்சிட்டுவிட்டு எட்டரைக்குத் தொடங்குவது நம்மவர்களிடையே ஒரு மரபாகவே ஆகிவிட்டது. ஏழு மணிக்கே வந்தவர் நூறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றரை மணி என்றால் 150 மணி நேரம்! ஒருவருடைய பையிலிருந்து பத்து வெள்ளியை எடுத்தால் திருட்டு என்கிறோம். நூறு பேருடைய ஒன்றரை மணி நேரத்தை எடுத்துக்கொண்டு, 'வருகைக்கு நன்றி' என்று மாலை போடுகிறோம்.

இந்நாளில் நேரத்தைக் கொண்டுபோகும் பொருள் ஒன்று நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. கைப்பேசியைத்தான் கூறுகிறோம். அதனால் நன்மை உண்டு. தூரத்து உறவினரோடு முகம் பார்த்துப் பேசுகிறோம். வேதாகமத்தையே அதில் படிக்கிறோம். ஆனால் பழைய வானொலி நாடகத்துக்கு ஒரு முடிவு இருந்தது. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் இருந்தது. கைப்பேசியில் விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும் படங்களுக்குக் கடைசிப் பக்கமே கிடையாது. அந்தக் கடைசிப் பக்கத்தை நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, நடைமுறைக்கு உகந்த சில யோசனைகளைக் கூறுவோம். முதலாவது, நாளின் தொடக்கத்தில் பத்து நிமிடமாவது அமைதியாக ஜெபத்தில் அமர்ந்து, இன்று செய்தே ஆகவேண்டியவை எவை என்று இரண்டோ மூன்றோ காரியங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்வது. பத்தாவது காரியத்தை எழுதாமல் இருப்பதும் ஞானமே. இரண்டாவது, ஒரு வாரம் மட்டும், நம் நேரம் எங்கே போகிறது என்று கணக்கு எழுதிப் பார்ப்பது. கடைக்காரர் இரவில் கல்லாப்பெட்டியை எண்ணாமல் உறங்குவதில்லை அல்லவா? மூன்றாவது, இரவு உணவு வேளையில் தொலைக்காட்சியையும் கைப்பேசிகளையும் அணைத்துவிட்டுக் குடும்பமாக உட்கார்ந்து உண்பது. நான்காவது, வாரத்தில் ஒரு மணி நேரத்தை, நமக்குத் திருப்பிக் கொடுக்க முடியாத ஒருவருக்காகச் செலவிடுவது. அவர் மருத்துவமனையில் இருக்கும் நோயாளியாக இருக்கலாம். பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் முதியவராக இருக்கலாம். கணக்குப் பாடத்தில் திணறும் பிள்ளையாக இருக்கலாம். ஐந்தாவது, வாரத்தில் ஒரு நாள் ஆராதனைக்கும் ஓய்வுக்கும் உரியது என்று வைத்து, மீதி வேலையை அன்று தலையில் சுமக்காமல் இருப்பது.

நேயர்களே, இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் சிலர், வயது போய்விட்டது, இனி என்ன பயன் என்று பெருமூச்சு விடலாம். அவர்களுக்கு இயேசுநாதர் கூறிய இன்னோர் உவமையை நினைவூட்ட விரும்புகிறோம். திராட்சத்தோட்டத்து எஜமான் விடியற்காலையில் கூலியாட்களை அமர்த்துகிறான். பிறகு மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி வேளைகளிலும் சந்தைவெளிக்குப் போய் ஆட்களை அழைத்துவருகிறான். பதினோராம் மணி வேளையிலும் போகிறான். அக்காலத்துக் கணக்குப்படி அது மாலை ஐந்து மணி. வேலை முடிய இன்னும் ஒரே மணி நேரம். அப்போதும் சிலர் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கிறான். எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்களையும் அழைத்துக்கொள்கிறான். மாலையில் அவர்களுக்கும் ஒரு முழு நாள் கூலியைக் கொடுக்கிறான்.

நேற்றுவரை வீணான நேரத்துக்கு நாம் கணக்குச் சொல்லவேண்டியவர்கள்தாம். அதே வேளையில், மீதியிருக்கும் ஒரு மணி நேரத்தையும் ஏற்றுக்கொண்டு முழுக் கூலி கொடுக்கும் எஜமானிடத்தில் நாம் வேலை செய்கிறோம். ஆகையால் போனதை எண்ணி அழுவதிலும் நேரத்தைச் செலவிட வேண்டாம். பேச்சு முடிந்து வானொலியை அணைத்ததும், நமக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று சற்று எண்ணிப் பார்ப்போம். அவரிடம் இன்றே போவோம்.